பாராசூட்டுக்கு ஒரு கேக்

எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. அழுதுகொண்டே வருகிறவர்கள், கத்திக்கொண்டே வருகிறவர்கள். அன்று காலையில் வகைக்கு ஒருவராக வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தது அழுகை. பறக்கும் டீச்சர். ஊருக்கு வெளியே மைதானத்தில் பாராமோட்டார் பள்ளி நடத்துகிறவள். முதுகில் விசிறி போல ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் துணி இறக்கையை விரித்துக்கொண்டு நாலு எட்டு ஓடினால் ஆகாயத்துக்குப் போய்விடலாம் என்று பிறத்தியாருக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். எனக்கெல்லாம் நாற்காலியில் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றும்.

"இன்னிக்கு சாயங்காலம் ஆய்வு அதிகாரி வந்து ஷெட்டுக்கு சீல் வைக்கப் போறார் மேடம். லைசென்ஸ் போயிடும். அப்புறம் நான் பறக்கவும் முடியாது, யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் முடியாது."

அவள் மேடம் என்று கூப்பிட்டது என் சித்தியை. அம்மாவின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து ருசி கண்டுபோய், வேலையை விட்டுவிட்டு சலவைக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். நான் அவளுடைய உதவியாளன். அவள் வேலையை விட்டாள். என்னைப் பல வேலைகள் விட்டன. அப்படித்தான் ஒன்றாகச் சேர்ந்தோம்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு லீவு. விடிந்தும் விடியாத நேரத்தில் டீச்சருடைய சிவப்பு இறக்கை மைதானத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. பக்கத்து ரோஜாத் தோட்டத்துக்கு மேலே போகும்போது இறக்கையில் ஒரு பாதி மடிந்து, ஆள் சுழன்று, கடைசி நிமிஷத்தில் ஒரு வெள்ளை பாராசூட் விரிந்து, தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. தோட்டத்துக்காரர் அந்தக் கோடியிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்து பார்த்தால் ஆளும் இல்லை, இறக்கையும் இல்லை. வேலியில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம்தான் மைதானம். அங்கே ஷெட்டுக்குள் டீச்சரின் மோட்டாரும் இறக்கையும் பழந்துணி மாதிரி திணித்துக் கிடந்தன. ஷெட் சாவி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தொங்கும். அது அங்கே தொங்குவது மைதானத்து கிளப்பில் பறக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

"நீ அப்ப எங்கம்மா இருந்தே?" என்றாள் சித்தி.

"வீட்ல, காய்ச்சல்ல படுத்திருந்தேன். வீட்டுக்காரர் வேலை விஷயமா வெளியூர் போயிருந்தார். குழந்தை தூங்கிட்டிருந்தா. எனக்கு யார் சாட்சி? அதிகாரி, 'உன் இறக்கை, உன் மோட்டார், உன் சாவி, வேற யாரு?'ங்கிறார். விழுந்தேன்னு எழுதினாக்கூட எனக்கு வெக்கமில்ல மேடம். எல்லாரும்தான் விழுவோம். ஆனா விழுந்துட்டு ஓடிப்போனவன்னு எழுதியிருக்காரே, அதைத்தான் தாங்க முடியல."

"அந்த அதிகாரிக்கு உன் மேல என்ன கோபம்?"

"என் மேல இல்ல, மோட்டார் மேல. முப்பது வருஷமா மலையிலருந்து மோட்டார் இல்லாம பறக்கிறவர் அவர். 'தையல் மெஷினை முதுகுல கட்டிக்கிட்டுப் போறது பறக்கிறதா?'ன்னு கேப்பார்."

சித்தி என் சுழல் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "இதுல உக்காரு. இறக்கை பாதி மடிஞ்சா நீ என்ன செய்வேன்னு செஞ்சு காட்டு."

டீச்சர் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். அழுகை பட்டென்று நின்றுவிட்டது.

"முதல்ல த்ராட்டிலை விட்டுடணும். அமுக்கினா மோட்டார் வேகமெடுக்குற பிடி அது, வலது உள்ளங்கையிலதான் இருக்கும். மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா ஆளை இன்னும் முறுக்கி விட்டுடும். அப்புறம், மடிஞ்ச பக்கத்தைப் பார்க்கவே கூடாது. எங்க போகணுமோ அங்க பார்க்கணும். நல்லா இருக்கிற பக்கமா உடம்பைச் சாய்ச்சு, அந்தப் பக்கத்து பிரேக் கயித்தைக் கொஞ்சூண்டு இழுக்கணும். நேரா போற அளவுக்குத்தான். பயந்துபோய் நிறைய இழுத்தா உருப்படியா இருக்கிற பாதியும் படுத்துடும். நேரா போக ஆரம்பிச்சதும் மடிஞ்ச பக்கத்து பிரேக்கை நீளமா இழுத்து இழுத்து விடணும். அதுவா உப்பிக்கும்."

"உயரம் கம்மியா இருந்தா?"

"யோசிக்கவே கூடாது. ஆபத்துக்குன்னு மோட்டாரோடவே கட்டியிருக்கிற ரிசர்வ் பாராசூட்டை எடுத்து வீசிடணும்."

"இவ்வளவும் ஞாபகம் வர்றதுக்குள்ள நான் சொர்க்கத்துல காபி குடிச்சிட்டிருப்பேன்," என்றேன்.

"ஞாபகம் வரக்கூடாது சார். கைக்கே தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் பசங்களை மாசக்கணக்குல தரையிலேயே உக்காரவெச்சுப் பழக்குறேன்."

சித்தி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்துக் கவிழ்த்தாள். முந்தின நாள் டீச்சர் போனில் விஷயத்தைச் சொன்னதும் தோட்டத்துக்குப் போய் நாங்கள் பொறுக்கியது: உடைந்த மோட்டார் விசிறித் துண்டுகள், கூடவே ரோஜாக் காம்புகள். காம்புகள் எல்லாம் பிளேடால் சீவின மாதிரி சாய்வாக வெட்டுப்பட்டிருந்தன. ஒரு வரிசை முழுக்க மொட்டை. சித்தி ஒரு காம்பை எடுத்துப் பார்த்து "ம்" என்றாள். அவள் "ம்" என்றால் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது, எனக்குச் சொல்லப்போவதில்லை என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கத்தல் மாடிப்படி ஏறி வந்தது.

"எனக்கு ஒரு வழி சொல்லுங்க!" என்று மேஜை மேல் ஒரு அட்டைப் பெட்டியை டமாலென்று வைத்தாள் அண்ணி. மடிப்பண்ணனின் மனைவி. மடிப்பண்ணன் குடை, ரெயின்கோட் தைத்துத் தருகிற கடைக்காரர். கிளப்பில் பறக்கிறவர்களுடைய ரிசர்வ் பாராசூட்டுகளை மடித்துக் கட்டித் தருவதும் அவர்தான். அதனால்தான் அந்தப் பெயர்.

பெட்டி காலி. ஓரத்தில் வெள்ளை க்ரீம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"என் வீட்டுக்காரருக்கு யாரோ ஒருத்தி கேக் அனுப்புறா. திங்கக்கிழமை காலையில வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்கா. பேர் கிடையாது, ஒண்ணு கிடையாது. இந்த மனுஷன் அதைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சுவெச்சு தின்னு தீர்த்திருக்கார். சர்க்கரை வியாதிக்காரர்!"

"அண்ணி, உங்களுக்குக் கோபம் அந்த ஒருத்தி மேலயா, கேக் மேலயா?" என்றேன்.

"ஒருத்தி எக்கேடோ கெட்டுப்போகட்டும். சர்க்கரை முந்நூறைத் தாண்டிடுச்சு!"

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். முகமே மாறிப்போயிருந்தது. "மேடம், அது ஒருத்தி அனுப்பினது இல்ல. எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் அனுப்பினது. பாராசூட்டை வீசி உயிர் பிழைச்சவங்க, அதை மடிச்சுக் கொடுத்தவருக்கு கேக் வாங்கிக் கொடுக்கணும். எங்க வழக்கம் அது. கொடுக்கலேன்னா அடுத்த தடவை பாராசூட் விரியாதுன்னு சொல்லுவாங்க. நாங்க யாரும் அதையெல்லாம் நம்புறதில்ல."

"ஆனா கொடுப்பீங்க?"

"கட்டாயம் கொடுப்போம்."

"இத்தனை வருஷமாவா?" அண்ணிக்கு மூச்சு முட்டியது. "எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"மைதானத்துல எல்லார் முன்னாடியும் வெச்சுக் கொடுத்துடுவோம் அண்ணி. அண்ணன் அங்கேயே சாப்பிட்டு முடிச்சு, வாயைக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்."

சித்தி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எப்பவும் எல்லார் முன்னாடியும் கொடுக்கிற கேக், இந்தத் தடவை மட்டும் ஏன் பேரில்லாம வீட்டு வாசலுக்கு வந்துச்சு? ஞாயித்துக்கிழமை பாராசூட் வீசினதை ஒருத்தரால வெளிய சொல்ல முடியல. சொல்லாமலும் இருக்க முடியல."

எனக்குப் புல்லரித்தது. தோட்டத்துக்காரருக்குப் பயப்படாமல், சட்டத்துக்குப் பயப்படாமல் ஓடிய ஆசாமி, விரியாத பாராசூட்டுக்குப் பயந்துபோய் பேக்கரி வாசலில் நின்றிருக்கிறான். இப்படிப்பட்ட குற்றவாளிகள் கிடைத்தால் எங்கள் தொழில் எவ்வளவு சுகமாக இருக்கும்!

நாங்கள் நாலு பேரும் போனபோது மடிப்பண்ணன் கடையின் முன்பக்கத்தில் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. கடைக்கு ஒரு வாசல், வீட்டுக்கு ஒரு வாசல். அண்ணியின் கையில் பெட்டியைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு கேக்தாம்மா," என்றார் சித்தியிடம். "யார் வெச்சாங்கன்னு சத்தியமா தெரியாது. கேக் வந்தா சாப்பிடணும், கேள்வி கேக்கக் கூடாது. நான் சாப்பிடலேன்னா அவங்களுக்கு ஆபத்து. பரோபகாரமா நினைச்சுத்தான் சாப்பிட்டேன்."

"யாரோட பாராசூட்டெல்லாம் நீங்க மடிக்கிறீங்க?"

"எல்லாரோடதும். டீச்சரோடது, அவங்க வீட்டுக்காரரோட பழசு, பல் டாக்டரோடது. டாக்டரோடதைப் பிரிச்சா கிராம்பு வாசனை வரும், கடையே ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும். அதிகாரி மட்டும் தன்னோடதைத் தானே மடிச்சுப்பார். இன்னொருத்தன் கைபட்டதை நம்ப மாட்டாராம். என் மூஞ்சிக்கு நேராவே சொன்னார். போகட்டும், வேலை மிச்சம்."

சித்தி அவருடைய போனை வாங்கி அண்ணியிடம் கொடுத்தாள். கிளப்பில் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு அதில் இருந்தது. சித்தி சொல்லச் சொல்ல அண்ணி ரசித்து ரசித்து அடித்தாள்:

"நண்பர்களுக்கு வணக்கம். திங்கட்கிழமை யாரோ அன்போடு வைத்துவிட்டுப் போன கேக்கை நான் பார்ப்பதற்குள் எறும்பு மொய்த்துவிட்டது. ஒரு வாய்கூட நான் சாப்பிடவில்லை. நாளைக்குக் காற்று நன்றாக இருக்கும். எல்லோரும் பத்திரமாகப் பறக்கவும். பின்குறிப்பு: மதியம் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம்."

"ஒரு வாய்கூட" என்ற இடத்தில் அண்ணி நிமிர்ந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பாதி சர்க்கரை இறங்கியிருக்கும்.

மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டு முன்னறையில் ஐந்து பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். எனக்குக் கிடைத்த இடம் தொங்கவிட்ட ரெயின்கோட்டுகளுக்கு நடுவில். டீச்சர் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

காலடிச் சத்தம். பெட்டி தரையில் உரசும் சத்தம். சித்தி கதவைத் திறந்தாள்.

பல் டாக்டர் குனிந்த வாக்கிலேயே நிமிர்ந்து பார்த்தார். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆனால் கிராம்பு வாசனையை என்ன செய்ய முடியும்?

"உள்ள வாங்க டாக்டர். வலிக்காது," என்றேன்.

"நான் தோட்டத்துல எல்லாம் விழல," என்றார் உள்ளே வந்ததும். யாரும் இன்னும் கேட்கவே இல்லை. "ஏரிக்கு மேல. சனிக்கிழமை. தண்ணியில விழுந்து நீந்தி வந்தேன்."

"'பாராசூட்டை வீசுறவன் பயந்தாங்கொள்ளி'ன்னு கிளப்புல சொன்னது நீங்கதானே?" என்றாள் டீச்சர்.

"அதனாலதான் ராத்திரியோட ராத்திரியா துணியைக் காயப்போட்டேன்." டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஏமாற்றம். ஆனால் சித்தி அசையவில்லை. "கதவைச் சாத்துடா," என்றாள். ஏனென்றால் வெளியே அடுத்த காலடி கேட்டது.

இந்தத் தடவை கதவைத் திறந்தது டீச்சரே. வாசலில் கேக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றவர் அவளுடைய வீட்டுக்காரர்.

மடிப்பண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அடடே, அப்போ கடை வாசல்ல இருந்த ரெண்டும் இவங்களோடதா?"

"கடை வாசல்லயா? ரெண்டா?" என்றாள் அண்ணி.

"திங்கக்கிழமை எனக்கு நல்ல நாளா அமைஞ்சுபோச்சு," என்றார் அண்ணன் ஈனஸ்வரத்தில்.

டீச்சருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "வேலை விஷயமா போறேன்னீங்க. குழந்தை பிறந்தப்போ இனிமே பறக்க மாட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்க."

"சொன்னேன்," என்றார் அவர். "நீ போறப்பல்லாம் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தா கழுத்து வலிக்குது. என் பழைய மோட்டாரையும் இறக்கையையும் எடுத்துக்கிட்டு கிழக்கு மலைக்குப் போனேன். அங்க மடிஞ்சுடுச்சு. வீசிட்டேன்."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை காலையில."

"யார் பார்த்தா?"

"யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே போனேன்."

அவள் அவரையே பார்த்தாள். லைசென்ஸ் போகும் என்று காலையில் அழுதபோதுகூட அவள் முகம் இப்படி இல்லை. "என் இறக்கையை எடுத்தது நீங்களா? உங்களுக்குப் பதிலா நான் ஓடிப்போனவன்னு பேர் வாங்கிட்டு நிக்கிறேனா?"

"சத்தியமா இல்லம்மா."

"அந்தச் சத்தியம்தான் ஏற்கெனவே ஒண்ணு பண்ணீங்களே," என்றாள். எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. பகடி பண்ண ஒன்றும் வாயில் வரவில்லை.

வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவர் ஆய்வு அதிகாரி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். ஃபைலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி. அவர் இரண்டு பக்கமும் பார்த்து, பெட்டியை மட்டும் படியில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே பூனை நடை நடந்து திரும்பினார்.

"சார், ஃபைலை வைக்க மறந்துட்டீங்க," என்றாள் சித்தி கதவைத் திறந்து.

உள்ளே வந்ததும் அவர் அதட்டலை எடுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன இது கூட்டம்? நானும்தான் மலையில பறக்கிறவன். ஞாயித்துக்கிழமை மேற்குச் சரிவுல வீசவேண்டி வந்துச்சு. கேக் வெச்சேன். இதுல என்ன தப்பு? அந்தப் பொண்ணு கேஸ் வேற, இது வேற."

ஒரு இறக்கை விழுந்த வழக்கில் கேக்கோடு மூன்று ஆண்கள். மூன்று பேரும் வேறு எங்கேயோ விழுந்தார்களாம். மூன்று பேருக்கும் சாட்சி கிடையாது. கேக்கை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று சித்தி சொன்னாள், ஆள் பஞ்சமே இல்லாமல் போய்விட்டது.

"அண்ணி, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மூணு இருக்கா?" என்றாள் சித்தி. "நல்லா சோப்பு நுரையோட."

எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அவள் படு சீரியஸாக இருந்தாள். ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். வலது உள்ளங்கையில் ஸ்பாஞ்ச். "இடது பக்கம் இறக்கை மடியுதுன்னு வெச்சுக்கோங்க. மேல இருந்தா என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க." எப்போது மடியும் என்பது என் பொறுப்பு. ஸ்டூலின் ஒரு காலைத் திடீரென்று தூக்கிவிட வேண்டும். என் வாழ்க்கையிலேயே நான் விரும்பிச் செய்த உத்தியோகம் அதுதான்.

பல் டாக்டர். தூக்கினேன். அவர் விரல்கள் பொசுக்கென்று விரிந்தன. ஸ்பாஞ்ச் என் காலில் வந்து விழுந்தது.

டீச்சரின் வீட்டுக்காரர். அவருக்கும் விரல் விரிந்து ஸ்பாஞ்ச் விழுந்தது. உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. "சரி," என்று டீச்சர் தன்னையறியாமல் முணுமுணுத்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதிகாரி. "சின்னப்பிள்ளை விளையாட்டு," என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். தூக்கினேன். சாய்ந்த அழகைப் பார்க்க வேண்டும்! தலை திரும்பவில்லை, இடது கை பதறவில்லை, முப்பது வருஷப் பழக்கம் அப்படியே தெரிந்தது. ஆனால் வலது கை மட்டும் இறுக மூடிக்கொண்டது. சோப்பு நுரை முழங்கை வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டைக்குள் புகுந்து, இடுப்பு வரைக்கும் போனது. "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கை இன்னும் மூடியே இருந்தது.

சித்தி ஒரு ரோஜாக் காம்பை எடுத்து அவருக்குக் காட்டினாள். "தோட்டத்துல ஒரு வரிசை செடி இப்படிச் சீவிக் கிடக்கு சார். மோட்டார் நின்னுபோய் விழுந்திருந்தா செடி நசுங்கியிருக்கும், வெட்டுப்பட்டிருக்காது. விழுந்தவர் தரையைத் தொடுற வரைக்கும் த்ராட்டிலை விடவே இல்ல. மோட்டாரோட பழகின கை பயந்தா திறக்கும். பழகாத கை பயந்தா மூடும்."

"ஒரு ஸ்பாஞ்சை வெச்சு என்னைக் குத்தவாளின்னு சொல்றீங்களா? என் பாராசூட்டை நான் மலையில வீசினேன். அதுக்குத்தான் கேக்."

"கேக்கை யாருக்குக் கொடுக்கணும் சார்?"

"இதென்ன கேள்வி? மடிச்சவருக்கு."

"உங்க பாராசூட்டை மடிச்சது யாரு?"

அதிகாரி மடிப்பண்ணன் பக்கம் திரும்பினார்.

"நான் அதைத் தொட்டதே இல்லையே!" என்றார் மடிப்பண்ணன்.

"அதான். நீங்க வீசினது உங்களோடதா இருந்தா, கேக்கை நீங்களே வாங்கி நீங்களே சாப்பிட்டிருக்கணும். டீச்சர் மோட்டாரோட கட்டியிருந்த, அண்ணன் மடிச்ச பாராசூட்டை வீசினதாலதான் அண்ணன் வாசலுக்கு ரெண்டு தடவை வந்தீங்க."

கை ஒருவழியாகத் திறந்து, ஸ்பாஞ்ச் மேஜையில் கிடந்த அவருடைய ஃபைல் மேல் விழுந்தது. அவரும் அதன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். சோப்பு நுரை சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"முட்டி போயிடுச்சு," என்றார் கடைசியில். "மலை ஏற முடியல. ஒரு வருஷமா கால் தரையை விட்டு எழும்பல. இந்தப் பொண்ணோட பசங்க தினம் ஓடி ஓடி மேல போறதைப் பார்த்துக்கிட்டே ஆய்வுக் குறிப்பு எழுதுறேன். முப்பது வருஷமா நான் திட்டின மோட்டாரை எனக்கும் சொல்லிக்கொடும்மான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்குறது? ஒரே ஒரு தடவை யாருக்கும் தெரியாம போய்ட்டு வந்துடலாம்னு பார்த்தேன். இனிமே பறப்பேனான்னே தெரியல. அப்படியும் கேக் வாங்காம இருக்க முடியல."

"அதை எம்மேல எழுதினீங்களே சார்," என்றாள் டீச்சர். "ஓடிப்போனவன்னு எழுதினீங்களே. என் பசங்க முன்னாடி நான் எப்படி நின்னு சொல்லிக்கொடுப்பேன்னு ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

அவர் போனை எடுத்தார். தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். "அந்த ரோஜாத் தோட்டத்துக் கேஸ்ல பறந்தது அந்தப் பொண்ணு இல்ல," என்றார். "நான்."

"யாரு சார்?" என்றது மறுமுனை.

"நான்தான்யா. ஓடிப்போனதும் நான்தான். அப்படியே எழுதிக்க."

மறுமுனையில் இருந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. போனை வைத்ததும் அண்ணி ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சரின் வீட்டுக்காரர் மனைவிக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தள்ளிப் போகவும் இல்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் கண் அதிகாரியின் வலது பக்கத்திலேயே இருந்தது. அவர் துண்டை எடுக்கக் கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்திவிட்டு இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சார், அன்னிக்கு எங்கயாவது அடிபட்டுச்சா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விழுந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. கேட்க ஒருத்தருக்கும் விஷயமே தெரியாதே. சொல்ல வந்தார், முப்பது வருஷம் பறந்த மனுஷன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டார்.

அவள் பக்கத்தில் போய், விலாவில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினாள். அவர் துள்ளினார்.

"விலா எலும்பு. இத்தனை நாளா இதோட ஜீப் ஓட்டிக்கிட்டு அலைஞ்சீங்களா? டாக்டர்கிட்டப் போகலையா?"

"போனா எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாங்களே," என்றார் துண்டுக்குள்ளிருந்து.

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நான் வேணா பார்க்கவா?"

"நீங்க பல்லோட இருங்க," என்று சித்தி அவரை அடக்கினாள்.

டீச்சர் கைநீட்டி ஜீப் சாவியை வாங்கினாள். அதிகாரியின் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவரை எழுப்பினாள். வாசலுக்குப் போகும்போது அவர் தயங்கி நின்று ஃபைல் பக்கம் திரும்பினார். "உன் லைசென்ஸ் ரத்து இல்லேன்னு இன்னும் நான் கையெழுத்துப் போடலையேம்மா. பேனா அங்க இருக்கு."

"முதல்ல எக்ஸ்ரே எடுப்போம் சார்," என்றாள் அவள். "கையெழுத்தை அப்புறம் போட்டுக்கலாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார்.